ராஜ்மா சூப்பு: ஊறவைப்பதில் தொடங்கி மறுநாள் சூடாக்குவது வரை

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறோம். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் தங்குவார்கள். போன வருஷம் தங்கியிருந்த ஒரு பெண் ஒருநாள் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, எட்டு விசில் விட்டுட்டேன், இன்னும் கல்லு மாதிரி இருக்கு." திறந்து பார்த்தேன். பயறு, தக்காளி, புளித்தண்ணீர், மசாலா என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்திருந்தாள். ஒரு பொருளும் குறையவில்லை. போட்ட வரிசைதான் தவறு.

அவளுக்கு அடுத்து வந்தவர்களும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுமாறினார்கள். அதனால் இந்தக் குறிப்பில் சுவையைவிட வரிசையைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். எதற்கு முன் எது, ஏன் என்பது தெரிந்துவிட்டால், மசாலாவை அவரவர் வீட்டு ருசிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இந்த அளவு ஐந்து பேருக்கு ஒருவேளைச் சாப்பாடாக வரும்.

1. முதலில் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

அடுப்பருகே நிற்க வேண்டியது ஒன்றரை மணி நேரம். அதிலும் பாதி நேரம் சும்மா காத்திருப்பதுதான். ஆனால் பயறு ஊற எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். மாலை ஆறு மணிக்கு யோசித்து ஏழு மணிக்குச் சாப்பிடும் உணவு அல்ல இது.

வேலைநாள் என்றால், காலையில் கிளம்பும் முன் ஊறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மாலை ஏழு மணிக்கு அடுப்பு மூட்டினால் எட்டரைக்குச் சாப்பிடலாம். விடுமுறை நாளில் முந்தைய இரவே ஊறப்போட்டுவிட்டால் காலையில் அவசரம் இருக்காது.

2. பயறு வாங்கும்போது

சிவப்பு ராஜ்மா லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளிலும் முஸ்தஃபா அங்காடியிலும் எளிதாகக் கிடைக்கும். பேட்டையில் உள்ள பேரங்காடியில்கூடப் பொட்டலமாகக் கிடைக்கலாம். எங்கே வாங்கினாலும் சரக்கு வேகமாக விற்றுத் தீரும் கடையாகப் பாருங்கள். காரணம் சொல்கிறேன்.

காய்ந்த பயறு கெடவே கெடாது என்று பலர் நினைக்கிறார்கள். கெடாதுதான், ஆனால் கிழடாகும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் பல மாதம் கிடந்தால் அதன் உள்ளமைப்பு இறுகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு ஊறவைத்தாலும், எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு கரகரப்பு இருந்துகொண்டே இருக்கும். வருஷம் முழுக்க வெக்கையும் புழுக்கமுமாக இருக்கும் சிங்கப்பூரில் இந்த மூப்பு சீக்கிரமே வந்துவிடும். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் ஒரு வருஷமாக இருக்கும் பொட்டலத்தை நம்பாதீர்கள்.

பொட்டலத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் மாவுபோல் பொடி படிந்திருந்தால் வண்டு அரித்திருக்கிறது. தோல் பளபளப்பாக, சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். அரைக் கிலோவுக்கு மேல் வாங்கிச் சேர்த்துவைக்க வேண்டாம். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்துவிடுவது நல்லது.

இன்னொன்று. பழைய பொட்டலத்தில் மிஞ்சியதையும் புதிதாக வாங்கியதையும் கலக்காதீர்கள். ஒன்று குழையும், மற்றது வேகாது. நடுவில் நிறுத்த வழியே இல்லை.

தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, வெள்ளை ராஜ்மா எதிலும் இதே முறையில் செய்யலாம், வேகும் நேரம்தான் மாறும். ஆனால் ஃபாவா பீன்ஸ் அல்லது பிராட் பீன்ஸ் என்று எழுதியிருப்பதை மாற்றாக எடுக்கும் முன், வீட்டில் யாருக்காவது ஜி6பிடி என்ற நொதியின் பிறவிக் குறைபாடு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தப் பயறு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். சிங்கப்பூரில் 1965 முதலே பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்யப்படுகிறது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பொதுவாகத் தெரிந்திருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் கேட்டுவிடுவதே நல்லது.

டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது. அதைப் பயன்படுத்தினால் 4, 5, 6 ஆகிய படிகள் வேண்டாம். இரண்டரை டின், அதாவது நீர் வடித்தபின் சுமார் 600 கிராம், 250 கிராம் காய்ந்த பயறுக்குச் சமம். டின் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் வடிகட்டி நன்றாக அலசுங்கள். அவசரத்துக்கு உதவும்தான். ஆனால் பயறு வெந்த தண்ணீரில் ஒரு தனி வாசமும் கெட்டித்தன்மையும் இருக்கும், டின்னில் அது கிடைக்காது.

3. எடுத்துவைக்க வேண்டியவை

காய்ந்த ராஜ்மா 250 கிராம். ஊறவைக்க ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. வேகவைக்க ஒரு லிட்டர் புதுத் தண்ணீர். கடைசியில் சேர்க்கத் தனியாக அரை லிட்டர் வெந்நீர்.

தாளிப்புக்கு எண்ணெய் 2 மேசைக்கரண்டி, பட்டை இரண்டு அங்குலம், கிராம்பு 3, ஏலக்காய் 2, அன்னாசிப்பூ 1, பெரிய வெங்காயம் 1, பூண்டு 6 பல், இரண்டு அங்குல இஞ்சி. பூண்டையும் இஞ்சியையும் தட்டிக்கொள்ளுங்கள்.

பொடிக்கு மல்லி ஒரு மேசைக்கரண்டி; சீரகம், சோம்பு, மிளகு ஒவ்வொன்றும் ஒரு தேக்கரண்டி. வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். இதோடு மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம் இரண்டு சிட்டிகை.

இது ஆட்டுச் சூப்புக் கடைகளில் போடும் மசாலாவை ஒட்டிய கலவை. இறைச்சி இல்லாத சூப்பு சப்பென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும். சோம்பும் அன்னாசிப்பூவும் சேர்ந்தால் அந்த நினைப்பு போய்விடும்.

காய்க்கு கேரட் 2, உருளைக்கிழங்கு 1, பழுத்த தக்காளி 2, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை. மேலே தூவ சைனீஸ் செலரி ஒரு கொத்து. மலாய்க்காரர்கள் இதை டாவுன் சூப் என்பார்கள், எந்த ஈரச்சந்தையிலும் கிடைக்கும். பொரித்த சின்ன வெங்காயமும் பாதி எலுமிச்சம்பழமும் கடைசிக்கு.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகை அறையில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே இருப்பவர்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினிய குக்கர் அதில் சூடாகாமல் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள எஃகு குக்கர்தான் அதற்கு வேண்டும்.

4. ஊறவைத்தல்

பயறைத் தட்டில் பரப்பி, கல், உடைந்தது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, இரண்டு தண்ணீரில் கழுவுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் உப்பைக் கரைத்துப் பயறைப் போடுங்கள். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். பயறு இரண்டு மடங்குக்கு மேல் ஊதும். சின்னக் கிண்ணத்தில் போட்டால் மேலே உள்ளவை தண்ணீரை விட்டு வெளியே வந்து காய்ந்து நிற்கும்.

ஊறும் தண்ணீரில் உப்பா என்று கேட்பார்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று எனக்கும் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் நடப்பது வேறு. பயறின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பவை அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவை இருந்த இடத்தில் போய் உட்காரும்போது தோல் இளகுகிறது. அதனால் வேகும்போது தோல் பிரிந்து மிதக்காமல், பயறு முழுசாகவும் மெதுவாகவும் வரும்.

எங்கே ஊறவைப்பது என்பதில்தான் இங்கே பலர் தவறுகிறார்கள். ஊரில் மார்கழி மாதம் ராத்திரி முழுக்க அடுப்படி மேடையில் வைத்தால் ஒன்றும் ஆகாது. இங்கே இரவிலும் வீட்டுக்குள் 28, 29 டிகிரி இருக்கும். பத்து மணி நேரம் வெளியே வைத்தால் மேலே நுரை கட்டி, புளிச்ச வாடை வரும். அது நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கழுவிச் சமைத்தாலும் அந்த வாடை சூப்பில் தங்கும். அப்படியானால் கொட்டிவிடுங்கள்.

ஆகவே குளிர்பதனப் பெட்டிதான். குளிரில் ஊறுவது மெதுவாக நடக்கும். எட்டு மணி நேரம் போதும், பன்னிரண்டு இன்னும் நல்லது, 24 மணி நேரம் வரை இருந்தாலும் கெடாது. அன்று வீட்டுக்குத் தாமதமாக வந்தாலும் கவலை இல்லை.

மறந்துபோனவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கழுவிய பயறை நிறையத் தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் மூன்று நிமிடம் விட்டு, அடுப்பை அணைத்து மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். அப்புறம் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். தோல் கொஞ்சம் உடையும், சூப்புக்கு அது பெரிய குறையில்லை.

ஊறியதா என்று தெரிய ஒரு பயறைக் கத்தியால் நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். உள்ளே முழுக்க ஒரே நிறமாக, தட்டையாக இருந்தால் ஊறிவிட்டது. நடுவில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு புள்ளியோ குழியோ தெரிந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

5. தண்ணீரை மாற்றி, தளதளவெனக் கொதிக்கவிடுதல்

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பயறை மீண்டும் இருமுறை அலசுங்கள். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரை வகைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். போட்ட உப்பில் பெரும்பகுதியும் போய்விடும்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். வேகாத ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில்தான் அது மிக அதிகம். நான்கைந்து பயறு சரியாக வேகாமல் உள்ளே போனாலே, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடும் குமட்டலும் வாந்தியும், அதைத் தொடர்ந்து பேதியும் வரலாம். நன்றாகக் கொதித்த தண்ணீரில் அந்த நச்சு அழிந்துவிடும். அரைகுறைச் சூட்டில் அழியாது. 80 டிகிரி அளவில் வைத்திருந்தால் வேகாத ராஜ்மாவில் இருப்பதைவிடவும் அது வீரியமாகலாம்.

இங்கே பல வீடுகளில் ஸ்லோ குக்கர் இருக்கிறது. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மேஜிக் குக்கரும் இருக்கும். காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டுப் போனால் மாலையில் சூப்பு தயார் என்பது வசதிதான். ஆனால் ஊறிய ராஜ்மாவை நேராக அதில் போடவே கூடாது. பல வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டிலேயே அப்படிச் செய்தோம். பயறு மிருதுவாகத்தான் இருந்தது. அன்று இரவு மூன்று பேருக்கும் வாந்தி. மிருதுவாகிவிட்டால் நச்சும் போய்விட்டது என்று நினைத்ததுதான் எங்கள் தவறு.

சரி, செய்ய வேண்டியது இதுதான். பயறைக் குக்கரிலோ கனமான பாத்திரத்திலோ போட்டு ஒரு லிட்டர் புதுத் தண்ணீர் ஊற்றி, மூடாமல், பெரிய தீயில் வையுங்கள். குமிழ்கள் உடைந்து தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். ஸ்லோ குக்கரில்தான் மேற்கொண்டு வேகவைக்கப் போகிறீர்கள் என்றால் முப்பது நிமிடம் கொதிக்கவிட்டு, அப்புறம் மாற்றுங்கள்.

பிரஷர் குக்கரில் சூடு 120 டிகிரியை நெருங்கும் என்பதால் நச்சு எப்படியும் அழிந்துவிடும். இருந்தாலும் நான் திறந்து கொதிக்கவிடுவதை விடுவதில்லை. மேலே வரும் நுரையை அப்போதுதான் கரண்டியால் எடுக்க முடியும். அது குக்கரின் ஆவித் துளையில் போய் அடைத்துக்கொள்ளும்.

6. குக்கரில் வேகவைத்தல்

நுரை எடுத்தபின் மஞ்சள்தூளும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேருங்கள். எண்ணெய் மீண்டும் நுரை பொங்காமல் காக்கும். தண்ணீர் பயறுக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்க வேண்டும், அதே சமயம் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. குறைந்திருந்தால் வெந்நீர் விடுங்கள்.

தக்காளி, புளி, எலுமிச்சை, தயிர், வெல்லம் எதையும் இப்போது போடாதீர்கள். புளிப்பு பயறின் தோலை இறுகப் பிடித்துவைக்கும், வெல்லத்துக்கும் அந்தக் குணம் உண்டு. அன்று எட்டு விசிலுக்கும் பயறு மசியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

மூடிபோட்டு, முதல் விசில் வந்ததும் தீயைச் சின்னதாக்கி 15 நிமிடம். விசிலை எண்ணுவதைவிட நிமிடத்தை எண்ணுவது மேல். ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு வேகத்தில் விசில் அடிக்கும். என் குக்கரில் ஐந்து என்றால் உங்கள் குக்கரில் எட்டாக இருக்கலாம். மின்சாரப் பிரஷர் குக்கரிலும் உயர் அழுத்தத்தில் 15 நிமிடம் வையுங்கள். சாதாரணப் பாத்திரம் என்றால், மூடி கொஞ்சம் திறந்தபடி சின்னத் தீயில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம்.

அடுப்பை அணைத்தபின் ஆவி தானாக அடங்கட்டும். கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கி, தண்ணீர் கொந்தளித்து, பயறெல்லாம் தோல் வெடித்துவிடும்.

திறந்ததும் ஒரு பயறை மட்டும் நசுக்கிப் பார்த்துவிட்டு வெந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். எல்லாப் பயறும் ஒரே நேரத்தில் வேகாது. பாத்திரத்தின் வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்து எடுங்கள். ஐந்தும் நாக்கால் அண்ணத்தில் அழுத்தினாலே மசிய வேண்டும். ஒன்று பல்லில் கடிபட்டாலும் மூடி இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். இப்போது பொறுமை காட்டினால்தான் உண்டு, தக்காளி சேர்ந்த பிறகு பயறு மிருதுவாவது மிகவும் கடினம்.

7. மசாலாவை எண்ணெயில் வதக்குதல்

பயறு வேகும் நேரத்திலேயே இதைச் செய்துவிடலாம். கனமான பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ. அரை நிமிடத்தில் வாசம் வரும். வெங்காயத்தைப் போட்டு ஓரம் சிவக்கும்வரை, ஏழெட்டு நிமிடம், பொறுமையாக வதக்குங்கள். இறைச்சி எலும்பு தரும் ஆழத்தை இந்தச் சூப்பில் இந்த வெங்காயம்தான் தர வேண்டும். கண்ணாடிபோல் ஆனதும் நிறுத்திவிட்டால் சூப்பு வெளுத்த ருசியாகவே இருக்கும்.

அடுத்து இஞ்சி, பூண்டு. பச்சை வாசம் போனதும் தீயைக் குறைத்துப் பெருங்காயமும் பொடித்த மசாலாவும். பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றாதீர்கள். மசாலா வாசம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும், தண்ணீரில் மண் வாடையாக நிற்கும். ஆனால் அரை நிமிடம் போதும், அதற்கு மேல் கருகும். கருகும்போல் இருந்தால் பயறு வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி விடுங்கள்.

பின்பு தக்காளியைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, குழைந்து எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வதக்குங்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். கடையில் விற்கும் பெருங்காயத் தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும்.

8. இரண்டையும் சேர்த்தல்

வெந்த பயறை அதன் தண்ணீரோடு மசாலாவில் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊறிய தண்ணீரைத்தான் கொட்ட வேண்டும். இது பயறின் மாவும் சத்தும் இறங்கிய சாறு.

தனியாக வைத்த அரை லிட்டர் வெந்நீரையும் விட்டு, கேரட், உருளைக்கிழங்கை ஒரே அளவாக நறுக்கிப் போடுங்கள். சுண்டுவிரல் நுனி அளவு சரியாக இருக்கும். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம். காயைக் குக்கரிலேயே பயறோடு போட்டால் குழைந்து காணாமல் போகும், அதனால்தான் இப்போது.

9. கெட்டியாக்குதல்

சோளமாவு கரைத்து ஊற்ற வேண்டாம். நாலில் ஒரு பங்குப் பயறைக் கரண்டியின் பின்பக்கத்தால் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி மசியுங்கள், அல்லது இரண்டு கரண்டி எடுத்து மிக்சியில் அரைத்து ஊற்றுங்கள். பயறின் மாவுச்சத்தே சூப்பைப் பிடித்துக்கொள்ளும். மிக்சியில் அரைப்பதானால் முதலில் ஆறட்டும். சூடாக மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிச் சூப்பு மேலே தெறிக்கும்.

மசித்தபின் ஐந்து நிமிடம் கொதித்தால்தான் உண்மையான கெட்டித்தன்மை தெரியும். கரண்டியில் மெல்லிய பூச்சாக ஒட்டி நின்றால் போதும். இது ஆறும்போதும் இன்னும் இறுகும், அதனால் அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள்.

10. உப்பு, கீரை, எலுமிச்சை

இந்த வரிசையில்தான்.

உப்பு முதலில் அரைத் தேக்கரண்டி. கலக்கி இரண்டு நிமிடம் விட்டு ருசி பாருங்கள். ஊறும்போதே பயறுக்குள் கொஞ்சம் உப்பு ஏறியிருக்கும் என்பதால் வழக்கமான அளவைப் போட்டால் கூடிவிடும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. வெளியில் ஒருவேளை சாப்பிட்டாலே அதில் பெரும்பகுதி போய்விடும். வீட்டுச் சூப்பிலாவது கை அடக்கமாக இருக்கட்டும்.

முருங்கைக்கீரையை உருவிப் போட்டு மூன்று நிமிடம். மூடிபோட வேண்டாம், மூடினால் நிறம் மங்கும். அப்புறம் அடுப்பை அணையுங்கள்.

எலுமிச்சைச் சாறு அணைத்த பின்புதான். கொதியில் பிழிந்தால் கசப்புத் தட்டும், வைட்டமின் சியும் குறையும். இந்தச் சாறு ருசிக்காக மட்டும் அல்ல. பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் எதிர்மாறாக நடக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கிண்ணத்தில் ஊற்றியபின் செலரியும் பொரித்த வெங்காயமும். ஆட்டுச் சூப்புக்குத் தருவதுபோல நீள ரொட்டியைத் துண்டுபோட்டுத் தோய்த்துச் சாப்பிடலாம், சூடான சோறும் பொருந்தும். பயறில் குறைவாக உள்ள புரதக் கூறு அரிசியிலும் கோதுமையிலும் உண்டு, அவற்றில் குறைவாக உள்ளது பயறில் உண்டு. ஒரு கிண்ணத்தில் பயறிலிருந்து மட்டும் 11 கிராம் அளவு புரதமும் சுமார் 8 கிராம் நார்ச்சத்தும் வரும்.

பயறு அதிகம் சாப்பிட்டுப் பழகாதவர்கள் முதல் வாரம் அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். குடலுக்கு நார்ச்சத்து பழகக் கொஞ்ச நாள் ஆகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள், மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பயறு, உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாவற்றிலும் அது உண்டு.

11. இடையில் ஏதாவது தவறிவிட்டால்

குக்கரில் 25 நிமிடம் ஆகியும் பயறு மசியவில்லையா? புளிப்பு எதுவும் சேராத நிலையில், கால் தேக்கரண்டி சமையல் சோடா போட்டு இன்னும் ஐந்து நிமிடம் வேகவையுங்கள். அதற்கு மேல் சோடா வேண்டாம், சவர்க்கார வாடை அடிக்கும், பி வகை வைட்டமின்களில் சிலவும் குறையும். எடுத்த எடுப்பிலேயே சோடா போடும் பழக்கத்தை நான் ஊக்குவிப்பதில்லை. நல்ல பயறுக்கு அது தேவைப்படாது.

தக்காளி சேர்த்த பிறகுதான் வேகாதது தெரிந்தது என்றால் சோடா ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் குக்கருக்கு மாற்றி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, 20 நிமிடம் வையுங்கள். காய் குழையும், ஆனால் பயறு சாப்பிடும்படி வரும். அதையும் மீறிக் கரகரப்பாக நின்றால் பயறு கிழடு. சாப்பிட வேண்டாம்.

உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கு உப்பை இழுத்துக்கொள்ளும் என்று சொல்வதை நம்பாதீர்கள். தண்ணீரை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அந்த அளவு உப்பைத்தான் அதுவும் எடுக்கும். வெந்நீர் சேருங்கள், உப்பில்லாமல் வெந்த பயறோ காயோ இருந்தால் அதையும் சேருங்கள்.

அடிப்பிடித்துவிட்டால் கரண்டியால் சுரண்டாதீர்கள். மேலே உள்ளதை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள்.

12. மிச்சத்தை வைப்பதும் மறுநாள் சூடாக்குவதும்

பெரிய பாத்திரத்தோடு அடுப்பிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். "நல்லா கொதிச்சதுதானே அக்கா, காலைல சூடு பண்ணிக்கலாம்" என்பார்கள். கெட்டியான சூப்பு நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு மறுநாள் கொதிக்கவைத்தாலும் போகாது.

சாப்பிட்டு முடித்ததும் அகலமான, உயரம் குறைந்த டப்பாக்களில் பிரித்து ஊற்றுங்கள். தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, டப்பாவை அதில் அரையளவு மூழ்க வைத்துக் கலக்கிவிட்டால் இருபது நிமிடத்தில் சூடு இறங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். மூன்று நாள் நன்றாக இருக்கும். மறுநாள் சூப்பு முதல் நாளைவிட ருசியாக இருக்கும் என்பது என் வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்டது.

எடுக்கும்போது அல்வாபோல் இறுகியிருக்கும். வேண்டிய அளவை மட்டும் தனியாக எடுத்து, கால் டம்ளர் வெந்நீர் விட்டு, அடியிலிருந்து கிளறியபடி நன்றாகக் கொதி வரும்வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவ் என்றால் பாதியில் ஒருமுறை எடுத்துக் கலக்குங்கள், ஓரம் கொதித்தாலும் நடு குளிர்ந்திருக்கும். உப்பும் எலுமிச்சையும் சூடாக்கிய பிறகு ருசி பார்த்துச் சேருங்கள்.

உறையவைக்க நினைத்தால் உருளைக்கிழங்கும் கீரையும் சேர்க்கும் முன்பே ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். உறைந்து இளகிய உருளைக்கிழங்கு நொறநொறவென ஆகிவிடும், கீரை கறுத்துப்போகும். டப்பாவின் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் இடம் விட்டு ஊற்றி, மேலே தேதி எழுதி ஒட்டுங்கள், இரண்டு மாதம் தாங்கும். தேவைப்படும் நாளுக்கு முந்தைய இரவே உறைபெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால், மாலையில் வேலையிலிருந்து வந்ததும் கொதிக்கவைத்து, கடைசி மூன்று நிமிடம் கீரையைப் போட்டு இறக்கிவிடலாம்.